கேட்டால் சொல்கிறேன்: ஆள் இல்லாத ராத்திரியில் 22 விநாடி

போன இதழில், ஆள் இல்லாத கூடத்தில் ஒரு தொலைநோக்கி தானே திரும்பி, காமா கதிர் வெடிப்பின் (தொலைதூர வானத்திலிருந்து திடீரென்று காமா கதிர் பீறிடுவது) பின்னொளியை, அதாவது அதன் பிறகு மங்கிக்கொண்டே போகும் வெளிச்சத்தை, படம் எடுக்கும் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த நாலு வரியைப் பற்றித்தான். வால்மீன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை முழுக்க இதுதான். அப்படிப்பட்ட தொலைநோக்கி ஒன்றுக்கு நானே சில வருஷம் நிரல் எழுதி, ராத்திரிகளில் அதற்குக் காவலும் இருந்தவன். அதனால் கொஞ்சம் அளக்கத்தான் செய்வேன்.

கேள்வி: வெடிப்பே சில விநாடிதான். வானத்தில் எங்கே, எப்போது வரும் என்றும் தெரியாது. பிறகு எப்படிப் படம் பிடிப்பது? எல்லாம் முடிந்த பிறகு போய் நிற்பதுதானே நடக்கும்? (இயற்பியல் ஆசிரியர் ஒருவர்)

முதல் 30 வருஷம் நீங்கள் சொல்கிற மாதிரியேதான் நடந்தது. 1967-இல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் இந்த வெடிப்புகளை முதலில் பதிவு செய்தன. யாராவது ரகசியமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்க்க அனுப்பியவை அவை. விஷயம் வெளியே வந்தது 1973-இல். அதன் பிறகும் ஆயிரக்கணக்கான வெடிப்புகளைக் காமா கதிரில் எண்ணினார்களே தவிர, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. 1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக்கோள் ஒரு வெடிப்பின் இடத்தைத் துல்லியமாகச் சொன்னது. சுமார் 21 மணி நேரம் கழித்து லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அந்த இடத்தைப் படம் எடுத்தது. யான் வான் பாரடைஸ் தலைமையிலான குழு, முதல் ஒளிப் பின்னொளியை அந்தப் படத்தில்தான் கண்டுபிடித்தது. 21 மணி நேரம் கழித்து என்பதைக் கவனியுங்கள். அதற்குள் அடுப்பு அணைந்து சாம்பல் மட்டும் சூடாக இருக்கிற நிலை.

நெருப்பையே பார்க்க வேண்டுமானால் இடையில் மனிதன் இருக்கக் கூடாது. மனிதன் தூங்குவான். எழுந்தாலும் கண்ணாடியைத் தேடுவான். நாசாவின் காடர்ட் மையத்தில் ஸ்காட் பார்தெல்மி என்பவர் ஒரு ஏற்பாடு செய்தார். செயற்கைக்கோள் வெடிப்பை உணர்ந்ததும் அதன் ஆயங்கள் (வானத்தில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்கள்) கணினியிலிருந்து கணினிக்குப் போய் நேராகத் தொலைநோக்கியின் மோட்டாரைப் போய்ச் சேரும். ஜி.சி.என். என்பது அதன் பெயர். நடுவில் யார் கையெழுத்தும் கிடையாது.

அடுத்த சிக்கல், வந்து சேரும் ஆயங்களே சுத்தமாக இருக்காது. நாசாவின் காமா கதிர்ச் செயற்கைக்கோளான காம்ப்டனில் இருந்த பாட்ஸி என்ற உணர்கருவி உடனடியாகச் சொன்ன இடம் சில டிகிரி தள்ளியும் இருக்கும். பெரிய தொலைநோக்கி பார்ப்பதோ முழுநிலாவை விடச் சின்ன வட்டம். அதை வைத்துத் தேடுவது ஊசித் துவாரம் வழியாகத் திருவிழா பார்ப்பது போல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கார்ல் அகர்லாஃப் குழு இதற்கு எடுத்த முடிவு எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது. அவர்கள் தொலைநோக்கியே வாங்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி கேனான் 200 மி.மீ. லென்ஸ் நாலை வாங்கி, வேகமாகத் திரும்பும் ஒரே மேடையில் பூட்டினார்கள். ஒவ்வொன்றின் வாயும் 11 செ.மீ.தான். ஆனால் நாலும் சேர்ந்தால் வானத்தில் 16 டிகிரிக்கு 16 டிகிரி விழும். முழுநிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு பக்கத்துக்கு 32 நிலா. பெயர் ரோட்ஸி-1. நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸில் நிறுத்தினார்கள்.

1999 ஜனவரி 23, அங்கே அதிகாலை 2.46. பாட்ஸி ஒரு வெடிப்பை உணர்ந்தது. தகவல் தரைக்கு வந்து, கம்பியில் ஓடி, மேடை திரும்பி, ஷட்டர் திறந்தபோது 22 விநாடி ஆகியிருந்தது. காமா கதிர் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. முதல் மூன்று படங்களும் 5 விநாடிப் படங்கள். முதல் படத்தில் 11-க்கும் 12-க்கும் நடுவில் ஒரு மேக்னிட்யூட். (மேக்னிட்யூட் பிரகாசத்தின் எண், சின்னதானால் பிரகாசம் அதிகம். விவரம் கேட்பவர்களுக்கு அடுத்த பதில்.) 47-ஆவது விநாடியில் இரண்டாவது படம்: 8.9. இருபத்தைந்து விநாடியில் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மூன்றாவது படத்தில் 10.1, இறங்குமுகம். பத்து நிமிடம் ஆனபோது 14.5.

இவ்வளவும் நடந்தபோது அதைப் பார்க்க ஒருவரும் இல்லை. படங்கள் பாட்டுக்குக் கணினி வட்டில் பதிவாகிக் கிடந்தன. பெப்போசாக்ஸ் இடத்தைக் குறுக்கிச் சொல்லி, சில மணி நேரம் கழித்து கலிபோர்னியாவின் பாலமர் மலை வானாய்வகத்திலிருந்து வேறொரு குழு மங்கலான புதுப் புள்ளி ஒன்றைக் கண்டு அறிவித்தது. அதன் பிறகுதான் ரோட்ஸி ஆட்கள் தங்கள் படங்களில் அதே இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். பைனாகுலரிலேயே தெரியும் அளவுக்குப் பிரகாசமாக அது உட்கார்ந்திருந்தது. அந்தப் புள்ளியின் ஒளி கிளம்பி 900 கோடி வருஷம் ஆகியிருந்தது.

கேள்வி: ஜி.ஆர்.பி. 990123 என்று எழுதுகிறீர்களே, அது என்ன, வண்டி நம்பரா? மேக்னிட்யூட் என்பதையும் எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லக் கூடாதா?

ஜி.ஆர்.பி. என்பது காமா கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம். எண் தேதிதான். வருஷம் 99, மாதம் 01, நாள் 23. அப்போதெல்லாம் ஒரே நாளில் இரண்டு வந்தால்தான் பின்னால் ஏ, பி என்று எழுத்து சேரும்; 2010 முதல் ஒன்று வந்தாலே ஏ சேர்ந்துவிடும். கவித்துவம் எல்லாம் கிடையாது.

மேக்னிட்யூட் தலைகீழ்க் கணக்கு. வகுப்பில் ரேங்க் மாதிரி, எண் சின்னதானால் பிரகாசம் அதிகம். 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். 8.9-இலிருந்து 14.5-க்கு இறங்கியது என்றால் பத்து நிமிடத்துக்குள் ஒளி சுமார் 170 மடங்கு குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: ஆளே தேவையில்லாத தொலைநோக்கி என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு அங்கே என்ன வேலை? சம்பளம் எதற்கு? (கேலியாகக் கேட்கவில்லை என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்)

கேலியாகவே கேட்கலாம். தொலைநோக்கிக்குத்தான் ஆள் தேவையில்லை. தொலைநோக்கியைச் சுற்றி இருக்கிறவற்றுக்குத் தேவை.

எடுத்துக்காட்டாக மழை உணர்கருவி. சின்னத் தகடு ஒன்று. ஒரு துளி விழுந்தாலும் கூரையை மூடச் சொல்லும். பனியில் நனைந்து ஏமாறாமல் இருக்க அந்தத் தகட்டை லேசாகச் சூடாக வைத்திருப்போம். குளிர்கால ராத்திரியில் ஓர் அந்துப்பூச்சிக்கு அதைவிடச் சுகமான இடம் ஏது? வந்து உட்காரும், கூரை மூடும். சலித்துப் பறக்கும், 20 நிமிடம் காத்திருந்து கூரை திறக்கும். மறுபடி வந்து உட்காரும். நட்சத்திரம் கொட்டிக் கிடந்த ஒரு ராத்திரியில் எங்கள் பதிவேட்டில் மூன்று தடவை "மழை" என்று இருக்கிறது.

பெரிய அடி வேறு ஒரு ராத்திரி. எங்கள் தொலைநோக்கி நின்றது ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் எடைக்கல் என்று தராசு மாதிரி இருக்கும் மேடையில். இந்த வகை மேடையில் ஒரு வில்லங்கம் உண்டு. வடக்கிலிருந்து தெற்காக நம் தலைக்கு மேலே ஓடும் உச்சிக் கோட்டைத் தாண்டி மறுபாதி வானத்துக்குப் போக வேண்டுமானால் குழாய் நேராகப் போக முடியாது, தூணில் இடிக்கும். துருவம் பக்கமாக இறங்கி, உடம்பு முழுவதையும் புரட்டி, மறுபக்கமாக ஏற வேண்டும். நாங்கள் அதைப் "புரண்டு படுப்பது" என்போம். ரயில் மேல் பெர்த்தில் பருமனான ஒருவர் புரண்டு படுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, அதே வேகம்தான்.

பின்னிரவு 3.10. கைப்பேசி அலறியது. திரையில் பதிவேடு ஓட ஆரம்பித்தது. 3.10.07: தகவல் வந்தது. 3.10.09: திரும்பு என்ற கட்டளை போனது. அதோடு வரிகள் நின்றுவிட்டன. கூடத்துக்குள் இருந்த சின்னக் காமிராவில் பார்க்கிறேன். குழாய் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது, வெடிப்பு மேற்கே. அது நிதானமாக இறங்கியது, புரண்டது, ஏறியது. நான் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே திரையைத் திட்டினேன். ஷட்டர் திறந்தபோது தகவல் வந்து 93 விநாடி ஆகியிருந்தது. படத்தில் பின்னொளி இருந்தது, அழகாகவே இருந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் இறக்கம் மட்டும்தான். மலை ஏறிய பாதை, உச்சி எல்லாம் அந்த 93 விநாடிக்குள் போய்விட்டது.

மறுநாள் செய்த வைத்தியம் ரொம்ப எளிது. காமா கதிர்ச் செயற்கைக்கோள் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது எல்லோருக்கும் திறந்திருக்கும் தகவல். தொலைநோக்கி சும்மா இருக்கும்போதெல்லாம் வானத்தின் அந்தப் பாதிக்குத் தோதாகப் படுத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். 11 வரி நிரல். ஒரு நாள் முன்னால் எழுதியிருக்கலாம். அதை இன்னும் ஜீரணிக்கவில்லை.

கேள்வி: பின்னொளி நாள்கணக்கில் தெரியும் என்று போன இதழில் நீங்களேதான் எழுதினீர்கள். மறுநாள் பெரிய தொலைநோக்கியில் நிதானமாகப் பார்த்தால் ஆகாதா? ஏன் இந்த விநாடிக் கணக்கு? (பொறியியல் மாணவி)

நல்ல கேள்வி. மறுநாள் பெரிய தொலைநோக்கி சொல்லும் விஷயங்கள் தனி, குறைத்துச் சொல்லவில்லை. எவ்வளவு தூரம், எந்த விண்மீன் திரள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முதல் சில நிமிடத்தில் இருப்பது வேறு சங்கதி. அது திரும்ப வராது.

வெடிப்பின்போது குறுகலான தாரையாகப் பொருள் பீய்ச்சி அடிக்கிறது, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில். சுற்றி மெல்லிய வாயு இருக்கிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் வண்டி வரிசையில் முதல் வண்டி நெரிசலில் போய் முட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கிற கூட்டத்துக்குள் ஒரு தள்ளல் போகும். அதே சமயம் பின்னால் வருகிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக பிரேக் போட, அந்த பிரேக் விளக்குகளின் அலை பின்பக்கமாக ஓடும். தாரையிலும் இரண்டு அதிர்ச்சி அலைகள். முன்னால் போவது வெளியே இருக்கிற வாயுவைச் சூடாக்கிக்கொண்டே நாள்கணக்கில் போகும். மறுநாள் நீங்கள் பார்ப்பது அதன் ஒளி. பின்னோக்கி ஓடுவது, வெடித்து வந்த பொருளுக்குள்ளேயே ஒரே ஒரு முறை பாய்ந்து முடிந்துவிடும். வெடித்தது எதனால் ஆனது, அதில் காந்தப்புலம் இருந்ததா என்று கேட்க வேண்டுமானால் அந்த இரண்டாவது அலையின் ஒளியைத்தான் கேட்க வேண்டும். அதற்கு ஆயுள் சில நிமிடம்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மங்குகிற வேகத்தை வைத்து. முன்னோக்கு அலையின் ஒளி, நேரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய பாதியாகும். பின்னோக்கு அலையின் ஒளி கால்வாசியாகும். 990123-இல் ரோட்ஸி பார்த்த செங்குத்தான சரிவை அப்படித்தான் படித்தார்கள். கோட்பாட்டு வானியலாளர்களான மெசாரோஸ், ரீஸ் ஆகியோரும், சாரி, பிரான் ஆகியோரும் இப்படி ஒரு மின்னல் வெளிச்சம் இருக்க வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

வேகத்தையும் அளக்கலாம். தாரை எவ்வளவு வேகமோ அவ்வளவு சீக்கிரம் சுற்றியுள்ள வாயுவை வாரிச் சேர்த்துத் தடுமாற ஆரம்பிக்கும்; அந்தத் தருணத்தில் பின்னொளி உச்சத்தைத் தொடும். உச்சி எந்த விநாடியில் என்று தெரிந்தால் வேகம் கிடைக்கும். சிலியின் லா சியாவில் இருக்கும் ரெம் என்ற 60 செ.மீ. தானியங்கித் தொலைநோக்கி 2006-இல் இரண்டு வெடிப்புகளில் இதைச் செய்தது: 060418, 060607ஏ. உச்சம் சுமார் இரண்டரை நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் மற்றொன்று. கணக்குப் போட்டால் ஒளியின் வேகத்தில் 99.999 விழுக்காட்டுக்கும் மேல். 93 விநாடிக் கதையை நான் ஏன் இன்னும் ஜீரணிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? எனக்கு அந்த உச்சிதான் கிடைக்கவில்லை.

காந்தப்புலத்தைப் பார்த்த விதம் இன்னும் அழகு. லா பால்மாவில் இருக்கும் லிவர்பூல் தொலைநோக்கி 2 மீட்டர் கண்ணாடி கொண்டது, முழுக்கத் தானியங்கி. அதில் ரிங்கோ என்று ஒரு கருவி வைத்தார்கள். காமிராவுக்கு முன்னால் போலராய்டு வடிகட்டி ஒன்று வேகமாகச் சுழலும். கூடவே படத்தையும் சுழற்றிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு நட்சத்திரமும் புள்ளியாக விழாமல் வளையமாக விழும். படத்தைப் பார்த்தால் தண்ணீரில் மழைத்துளி விழுந்த மாதிரி எங்கும் வளையங்கள். ஒளி தளவிளைவு அடையாமல் இருந்தால், அதாவது அதன் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்குபடாமல் இருந்தால், வளையம் முழுக்க ஒரே சீராக இருக்கும். தளவிளைவு இருந்தால் வளையத்தின் ஒரு பகுதி பிரகாசம், அடுத்த பகுதி மங்கல் என்று மாறி மாறி வரும். 090102 என்ற வெடிப்பில், தொடங்கி சுமார் 160 விநாடியில் எடுத்த வளையத்தில் 10 விழுக்காடு தளவிளைவு தெரிந்தது. பிறகு 120308ஏ வெடிப்பில் ரிங்கோ-2 என்ற அடுத்த கருவி நாலாவது நிமிடத்தில் 28 விழுக்காடு பார்த்தது. அடுத்த பத்து நிமிடத்தில் அது 16-ஆக இறங்கியது. தாரைக்குள் ஒழுங்காக வரிசைப்பட்ட காந்தப்புலம் இல்லாமல் இவ்வளவு வராது. மறுநாள் வரை காத்திருந்தால் இந்த எண் கையில் கிடைத்திருக்குமா?

கேள்வி: 1999-இல் அவ்வளவு சுலபமாகப் பிடித்தார்கள் என்றால், அதன் பிறகு வருஷத்துக்கு நூறு பிடித்திருப்பார்களே?

முதல் நாளே லாட்டரி விழுந்தவனின் கதைதான் நடந்தது. ரோட்ஸி-1 அதன் பிறகு பாட்ஸி இயங்கிய காலம் வரை இன்னொன்றைப் பிடிக்கவேயில்லை. லிவர்மோரில் லோட்டிஸ் என்ற ஏறக்குறைய அதே மாதிரியான கருவியும் தேடியது. அதற்கும் எதுவும் அகப்படவில்லை. 9 மேக்னிட்யூட் பளிச்சென்று வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்க, வந்தவை எல்லாம் அதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மங்கலானவை. 11 செ.மீ. லென்ஸுக்கு எட்டாது. 990123 ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை முதலில் பார்த்துவிட்டால் விதியைக் கண்டுபிடிக்க வருஷங்கள் ஆகும் என்பது இந்தத் துறையில் நான் பார்த்த விஷயம்.

ஆனால் லென்ஸ் வைத்தவர்கள் செய்தது தவறில்லை. அன்றைக்குச் செயற்கைக்கோள் டிகிரிக் கணக்கில் உளறிக்கொண்டிருந்தது, அகலம்தான் தேவை. செயற்கைக்கோள் திருந்திய பிறகுதான் ஆழத்துக்குப் போக முடிந்தது. 2000-இல் ஹெட்டி-2, 2004 நவம்பரில் ஸ்விஃப்ட். ஸ்விஃப்ட் சில விநாடியில் இடத்தை நிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். தானும் ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி எக்ஸ் கதிர், புற ஊதாத் தொலைநோக்கிகளால் பார்க்கும். ரோட்ஸி குழு 45 செ.மீ. தொலைநோக்கி நாலு செய்து ஆஸ்திரேலியா, டெக்சாஸ், நமீபியா, துருக்கி என்று பிரித்து வைத்தது. எங்காவது ஓரிடத்தில் ராத்திரியாக இருக்க வேண்டுமல்லவா?

இடையில் 2002 டிசம்பர் 11-இல் வந்த 021211-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். லாஸ் அலமோஸின் ராப்டர், லிக் வானாய்வகத்தின் கெய்ட், சூப்பர்-லோட்டிஸ் என்ற மூன்று தானியங்கித் தொலைநோக்கிகளும் ஒன்று முதல் இரண்டரை நிமிடத்துக்குள் அங்கே போய் நின்றன. கெய்ட்டின் அன்றாட வேலை சூப்பர்நோவா தேடுவது. தகவல் வந்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியது. ஆரம்பத்தில் 14 மேக்னிட்யூட்டை ஒட்டி இருந்த பின்னொளி மளமளவென்று சரிந்தது. மறுநாள் சாவகாசமாகத் தேடியிருந்தால் "ஒளிப் பின்னொளி இல்லை" என்று எழுதி மூடியிருப்பார்கள். அதுவரை "இருண்ட வெடிப்பு" என்று பட்டியல் போட்டவற்றில் எத்தனை நிஜமாகவே இருண்டவை, எத்தனை நாம் தாமதமாகப் போனவை என்ற சந்தேகம் அன்றைக்கு வலுத்தது. இரண்டு வகையும் உண்டு. சிலவற்றின் ஒளியைத் தூசி விழுங்குகிறது. சில மிகத் தொலைவில் இருப்பதால் அவற்றின் ஒளி அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுகிறது.

கேள்வி: வெறும் கண்ணுக்கே ஒரு வெடிப்பு தெரிந்ததாமே, உண்மையா? யார் பார்த்தது?

தெரிந்திருக்கக்கூடிய வெடிப்பு ஒன்று வந்தது உண்மை. 2008 மார்ச் 19, ஜி.ஆர்.பி. 080319பி. உச்சத்தில் 5.3 மேக்னிட்யூட். 750 கோடி வருஷம் பயணம் செய்து வந்த ஒளி. அது கிளம்பியபோது நம் சூரியனே பிறக்கவில்லை. நம்முடைய சுவாதி நட்சத்திரம் இருக்கும் பூவோட்டீஸ் மண்டலத்தில், அரை நிமிடம்போல, இருட்டான இடத்தில் அண்ணாந்து பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பார்த்தேன் என்று நிரூபிக்கக்கூடிய மனிதர் ஒருவரும் இல்லை. காமிராக்கள் பார்த்தன.

அதிலும் ஒரு குருட்டு அதிர்ஷ்டம். பெயரில் இருக்கிற "பி"-யைக் கவனியுங்கள். அரை மணி நேரம் முன்னால், வானத்தில் வெறும் 10 டிகிரி தள்ளி, "ஏ" வந்திருந்தது. அதைப் பார்க்கத் திரும்பிய கருவிகள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தன. சிலியில் போலந்துக்காரர்கள் வைத்திருந்த "பை ஆஃப் தி ஸ்கை" காமிராவின் அகன்ற பார்வைக்குள் "பி" வெடித்த இடம் வெடிப்பதற்கு முன்பிருந்தே இருந்தது. ரெம் தொலைநோக்கியின் முதுகில் ஏறியிருந்த டோர்ட்டோரா என்ற வேகக் காமிராவும் வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே படமெடுத்தது. ரோட்ஸி 22 விநாடிக்காக அவ்வளவு பாடுபட்டதே, இங்கே தாமதம் பூஜ்யம். கிடைத்த விஷயமும் கனமானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் காமா கதிரும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக ஓய்ந்தன. ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று தோன்றும். ஆனால் காமா கதிரை வைத்து எதிர்பார்க்கும் அளவைவிட ஒளி பல மடங்கு அதிகம். ஒரே வழிமுறையில் இரண்டும் பிறந்திருக்க முடியாது. இதை வைத்து அடித்துக்கொண்டவர்கள் நிறைய.

அன்றைக்குத்தான் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் காலமானார். வெடிப்புக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். தேதி நம்பரே நிலைத்தது.

கேள்வி: இதனால் பூமிக்கு ஆபத்து உண்டா?

750 கோடி ஒளியாண்டுக் கணக்கில் தள்ளி நடப்பதால் இல்லை.

கேள்வி: என்னிடம் 20 செ.மீ. தொலைநோக்கியும் ஒரு காமிராவும் இருக்கின்றன. இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரமா, நானும் முயலலாமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்)

தம்பி, உன்னைவிட 5 செ.மீ. மட்டும் பெரிய தொலைநோக்கி செய்ததைச் சொல்கிறேன். தெற்கு பிரான்சில் காலெர்ன் பீடபூமியில் டாரோ என்று ஒரு தானியங்கி. கண்ணாடி 25 செ.மீ. 2005 செப்டம்பர் 4-இல் வந்த 050904 வெடிப்பை அது முதல் சில நிமிடங்களில் பிடித்தது. பிறகு பெரிய தொலைநோக்கிகள் அளந்தபோது செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு; எண் பெரிதானால் தொலைவும் அதிகம்) 6.29 என்று வந்தது. பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய 90 கோடி வயதாக இருந்தபோது கிளம்பிய ஒளி அது. வழியில் இருந்த ஹைட்ரஜன் குறுகிய அலைநீளங்களை எல்லாம் விழுங்கிவிட, காமிராவின் சிலிக்கான் சில்லு பார்க்கக்கூடிய கடைசிச் சிவப்பு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒளி மிஞ்சியது. அந்த மிச்சம் 25 செ.மீ.-க்குப் போதுமானதாக இருந்தது, சரியான நேரத்தில் அங்கே இருந்ததால்.

ஆக, முயலலாம். 2003 மார்ச் 29-இல் வந்த 030329 முதல் சில மணி நேரம் 12, 13 மேக்னிட்யூட்டில் இருந்தது. வீட்டுத் தொலைநோக்கி வைத்திருந்த ஆர்வலர்கள் பலர் படம் எடுத்தார்கள். ஜி.சி.என். அறிவிப்புகள் யாருக்கும் திறந்தவை. பதிந்துகொண்டால் உன் கணினிக்கே வரும். பெரும்பாலானவை உன் வானத்தில் இருக்காது. அல்லது பகலாக, மேகமாக இருக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. அதற்குப் பழகிக்கொள்.

முதலில் கணினியின் கடிகாரத்தைச் சரி செய். நேரத்தை இணையத்திலிருந்து தானாகத் திருத்திக்கொள்ளும்படி வை. ஒரு நிமிடம் பிசகிய கடிகாரத்தோடு எடுத்த அற்புதமான படத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. உன் மேடை எந்த வகை, எப்போது புரண்டு படுக்கும் என்று பகலிலேயே சோதித்துப் பார். முதல் படங்களைச் சின்னதாக எடு: 5 விநாடி, 10 விநாடி. போகப் போக நீட்டலாம். வடிகட்டி மாற்றி நேரத்தைக் கரைக்காதே. சந்தேகமான புள்ளி தெரிந்தால் அடுத்தடுத்த மூன்று படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார். நகர்ந்தால் குறுங்கோள் அல்லது செயற்கைக்கோள். ஒரே படத்தில் மட்டும் இருந்தால் காஸ்மிக் கதிர் வந்து சில்லில் அடித்த தழும்பு. நகராமல், பழைய வான்படத்தில் இல்லாமல், படத்துக்குப் படம் மங்கிக்கொண்டே போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.

எதுவுமே தெரியாத படத்தையும் அழிக்காதே. "இத்தனையாவது விநாடியில், இத்தனை மேக்னிட்யூட் வரை பார்த்தேன், இல்லை" என்பதும் முறையான தகவல்தான், அதையும் அனுப்பலாம். நீ பார்க்காமல் விட்ட மூலையில் அது இருக்கலாம் என்பதும் உண்டு. சரியான இடம் மறுநாள் காலையில்தான் தெரியவரும்.